அறுபத்தைந்தாவது பெயர்

லோர்னா டைக்ஸ்ட்ரா எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நாங்கள் குடியிருந்த சாலையின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். என் பெயர் டெலியா ரேஞ்செல். ஆனால் சவுத் பியர் பள்ளியில் இருந்த இரண்டு வருடமும் நான் "டீர் லேக்". என் சினேகிதன் ட்ரெண்ட் "கிரேவல் பிட்". ஒரே சாலையில் இருவர் இருந்தால் மேல், கீழ் என்று சேர்த்துக்கொள்வார். வீடு இல்லாமல் யார் யார் வீட்டுச் சோபாவிலோ படுத்திருந்தவர்களும் இருந்தார்கள். அவர்களைத் திங்கட்கிழமை ஒரு சாலையின் பெயராலும் வெள்ளிக்கிழமை வேறொன்றாலும் கூப்பிடுவார். முந்தின இரவு எங்கே தூங்கினார்கள் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதை யாரும் கண்டுபிடித்ததில்லை.

அவர் ஆசிரியர் அல்ல. பள்ளியின் அலுவலகத்தில் இருந்த ஒரே ஆள். சேர்க்கை, வருகைப்பதிவு, மதியச் சாப்பாட்டு விண்ணப்பம், மாநிலத்துக்கு அனுப்பும் கணக்கு எல்லாம் அவர் மேசையில்தான் நடந்தன. சென்ற அக்டோபரில் அவர் கணக்கில் தவறிவிட்டார், அதனால்தான் பள்ளி போயிற்று என்று மிச்சிகனில் ஆல்டர் பே என்ற எங்கள் ஊரில் சிலர் இன்றும் சொல்கிறார்கள். அவர் தவறவில்லை. அந்தக் கணக்கில் இல்லாமல் போன பெயர் என்னுடையது. அதனால் நடந்ததைச் சரியாகச் சொல்ல வேண்டியவள் நான்தான் என்று நினைக்கிறேன்.

எங்கள் பள்ளி முன்பு ஒரு மரச்சாமான் கடை. பெரிய பள்ளிக்கூடத்தில் ஆயிரத்து நூறு பேர் படித்தார்கள். அங்கே நிற்க முடியாதவர்கள், நிற்க விடப்படாதவர்கள், குழந்தை பெற்றவர்கள், பண்ணையில் முழுநேரம் வேலை செய்தவர்கள் எல்லாம் எங்களிடம் வந்தார்கள். அரசுப் பள்ளிதான், கட்டணம் கிடையாது. ஒரு வித்தியாசம், இங்கே எல்லோரும் ஜூன் மாதத்தில் சேர்ந்து முடிப்பதில்லை. ஒவ்வொருவரும் தன் வேகத்தில் பாடங்களை முடிப்பார். கடைசிப் பாடம் என்றைக்கு முடிகிறதோ அன்றைக்கே பள்ளி முடித்த சான்று. வகுப்புகளுக்கு நடுவில் இருந்த நடைபாதை முனையில் மீன்பிடிப் படகிலிருந்து கழற்றிய ஒரு பித்தளை மணி தொங்கியது. முடித்தவர் அதை அடிப்பார். எல்லா வகுப்பும் வெளியே வந்து கைதட்டும். பிறகு அவர் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விடுவார். அவ்வளவுதான் விழா.

மணி அடிப்பதற்கு முன் ஒரு காரியம் நடக்க வேண்டும். லோர்னா கணினியில் அன்றைய தேதியைப் போட்டு அந்தப் பெயரைப் பள்ளிக் கணக்கிலிருந்து நீக்குவார். நீக்கிய பிறகுதான் மணி. இந்த வரிசையை அவர் மாற்றியதே இல்லை.

நான் பதினாறு வயதில் முதல்முதலாக அந்த மேசைக்கு முன்னால் நின்றது நினைவிருக்கிறது. அம்மா காரில் உட்கார்ந்திருந்தார். பெரிய பள்ளியில் எழுபது நாள் போகாமல் இருந்துவிட்டு வந்திருந்தேன். சேர்க்கைத் தாளில் இனம் என்ற இடத்தைக் காலியாக விட்டேன். அம்மாவின் ஆட்கள் இங்கே நாலு தலைமுறையாக இருக்கும் டச்சுக்காரர்கள். அப்பா டெக்ஸாஸிலிருந்து புளூபெரி பறிக்க வந்தவர், ஒரு பருவத்தின் முடிவில் திரும்பிப் போய்விட்டார். எந்தப் பக்கம் கோடு போட்டாலும் மறுபக்கத்துக்குத் துரோகம் போல அப்போது தோன்றியது.

லோர்னா தாளைப் பார்த்தார். வாயில் பெப்பர்மின்ட் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பிரசங்கம் நீளும்போது போட்டுக்கொள்கிற அதே வெள்ளை மிட்டாய். அவர் வாரம் முழுவதும் போட்டுக்கொள்வார்.

"இத நீ எழுதலைன்னா நான் எழுதணும். உன்னைப் பாத்துட்டு, பாத்தா என்ன தோணுதோ அத எழுதணும்னு ரூல்ஸு."

"எழுதிக்கோங்க."

கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பிறகு மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"கண்ணாடி இல்லாம பாத்தா கோட் மாட்டுற ஸ்டாண்ட் மாதிரி இருக்க. போட்டுட்டுப் பாத்தா கோவமா இருக்கிற பொண்ணு. ரெண்டுக்கும் இதுல கட்டம் இல்ல."

நான் சிரித்துவிட்டேன். சிரிக்கக் கூடாது என்று தீர்மானித்து வந்திருந்தேன்.

"ஒண்ணுக்கு மேல போடலாம், தெரியுமா?" என்று பேனாவை என் பக்கம் தள்ளினார். "இங்க ஒண்ணுக்கு மேல போட்டவங்க இன்னும் நாலு பேர் இருக்காங்க. எப்படியும் வெளியில நட்சத்திரம்தான் போடுவாங்க."

அந்த நட்சத்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாநிலம் ஒவ்வொரு பள்ளியைப் பற்றியும் ஒரு பக்கம் வெளியிடும். வெள்ளையர் இத்தனை, கறுப்பர் இத்தனை, பூர்வகுடி இத்தனை, இலவசச் சாப்பாடு வாங்குபவர் இத்தனை என்று. எந்தக் கட்டத்திலாவது பத்துக்குக் குறைவாக ஆட்கள் இருந்தால் எண்ணைப் போடாமல் நட்சத்திரக் குறி போடுவார்கள். சின்ன எண்ணாக இருந்தால் அது யார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும் என்பதால். எங்கள் பக்கத்தில் வெள்ளையர் முப்பத்தெட்டு, ஹிஸ்பானியர் பதினாறு, இலவசச் சாப்பாடு ஐம்பத்திரண்டு என்று மூன்று எண்கள் இருந்தன. மிச்சமெல்லாம் நட்சத்திரம். வீடில்லாதவர்கள் ஒன்பது பேர், அதுவும் நட்சத்திரம். குழந்தை வைத்திருந்த நாலு பேருக்கு நட்சத்திரம்கூட இல்லை, அப்படி ஒரு கட்டமே கிடையாது.

"நம்ம ரிப்போர்ட்ட மேசைல விரிச்சு வச்சா கூடாரம் போட்டுப் படுத்து வானத்தப் பாக்குற மாதிரி இருக்கும்" என்பார் லோர்னா.

அவர் எங்கள் பள்ளிக்கு வருவதற்கு முன் பதினோரு வருடம் மாவட்டப் பள்ளிப் பேருந்துகளின் அலுவலகத்தில் இருந்தார். எந்தப் பேருந்து எந்தச் சாலையில் எந்த வீட்டு வாசலில் நிற்கும் என்று ஓட்டுநர்களுக்கு ரேடியோவில் சொல்லும் வேலை. அங்கேதான் சாலைப் பெயரால் கூப்பிடும் பழக்கம் வந்தது. அந்த வேலையை ஏன் விட்டார் என்பது ஊரில் வயதானவர்களுக்கெல்லாம் தெரியும். ஒரு ஜனவரி மாதத்தில் ஆறு வயதுப் பையன் ஒருவன் பேருந்தின் கடைசி இருக்கையில் தூங்கிவிட்டான். ஓட்டுநர் தன் பட்டியலில் பையன் பள்ளியில் இறங்கியதாகக் குறித்துவிட்டார். எப்போதும் முப்பத்தொரு பேர், இன்றும் முப்பத்தொரு பேர் என்று. வகுப்பு ஆசிரியை தன் பட்டியலில் பையன் வரவில்லை, காய்ச்சலாக இருக்கும் என்று குறித்தார். இரண்டு பட்டியலும் லோர்னாவின் மேசைக்கு வந்தன. இரண்டும் ஒழுங்காக நிரப்பப்பட்டிருந்தன. அவர் இரண்டையும் கோப்பில் வைத்தார். பத்தே முக்காலுக்கு ஒரு மெக்கானிக் பேருந்தைக் கழுவ ஏறியபோதுதான் பையன் கிடைத்தான். குளிரில் உறைந்து இடக்கையில் இரண்டு விரல் நுனி போயிற்று. வேறொன்றும் ஆகவில்லை. லோர்னாவை யாரும் குறை சொல்லவில்லை. அவரே மாற்றல் கேட்டுக்கொண்டு வந்தார்.

இது நான் சேர்வதற்கு முன்பே நடந்த கதை. அவர் இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

சென்ற வருடம் ஏப்ரலில் மாவட்டப் பள்ளிக் குழு கூடி ஒரு தீர்மானம் போட்டது. மிச்சிகனில் அக்டோபர் முதல் புதன்கிழமைதான் எண்ணும் நாள். அன்றைக்குப் பள்ளியில் எத்தனை பேர் இருக்கிறார்களோ, அதை வைத்துத்தான் அந்த வருடம் முழுவதும் பணம் வரும். வரும் எண்ணும் நாளில் சவுத் பியரில் அறுபத்தைந்து பேருக்குக் குறைந்தால் பள்ளியை மூடி, மாணவர்களைப் பெரிய பள்ளியின் பின்பக்க நடைபாதை ஒன்றில் இருக்கும் வகுப்பறைகளுக்கு மாற்றிவிடுவோம் என்றார்கள். அந்த நடைபாதையிலிருந்து ஓடி வந்தவர்கள்தான் எங்களில் பாதிப் பேர்.

செப்டம்பர் முதல் வாரத்தில் எழுபத்தொரு பேர் இருந்தோம். லோர்னா அந்த எண்ணை ஒரு மஞ்சள் தாளில் எழுதித் தன் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டினார். புளூபெரி முடிந்ததும் அக்கா தங்கை இருவர் குடும்பத்தோடு ஃப்ளோரிடாவுக்குப் போனார்கள். ஒருவன் இண்டியானாவில் மாமா வீட்டுக்குப் போனான். ஒருவனை மாவட்டச் சிறார் இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு பேர் முழுநேர வேலை கிடைத்து, இனி வரவில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு முறையும் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிய தாள் ஒட்டப்பட்டது. செப்டம்பர் கடைசி வெள்ளிக்கிழமை அந்தத் தாளில் 65 என்றிருந்தது.

எங்கள் தலைமை ஆசிரியர் பீட்டர் ஹாலோரன் அன்று எல்லோரையும் நடைபாதையில் கூட்டினார். அவரே எங்களுக்கு அரசியலும் பொருளாதாரமும் நடத்தினார். ஒவ்வொரு எண்ணும் நாளிலும் காலையில் ஏப்ரன் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் பான்கேக் சுடுவது அவர் வழக்கம்.

"புதன்கிழமை பான்கேக். பேக்கனும் உண்டு. யாரும் சாகக் கூடாது, கல்யாணம் பண்ணிக்கக் கூடாது, ஜெயிலுக்குப் போகக் கூடாது. புரியுதா?"

"வியாழக்கிழமை பண்ணிக்கலாமா சார்?" என்றான் ட்ரெண்ட்.

"வியாழக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன்டா."

இன்னொன்றையும் அவர் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் பள்ளியில் யாராவது பாடத்தை முடித்தாலும் எண் குறையும். அது அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. செப்டம்பர் கடைசி வாரத்தில் முடிக்கப் போகிறவர் யாரும் இருப்பதாக யாருக்கும் தெரியாது. எனக்குப் பொருளாதாரத்தில் ஆறு அத்தியாயம் பாக்கி. நவம்பரில் முடிப்பேன் என்று பட்டியலில் இருந்தது.

சனிக்கிழமை எனக்கு ஒரு கடிதம் வந்தது. பெரிய ஏரிகளில் இரும்புத்தாது ஏற்றிப் போகும் கப்பல்களில் சமையலறை வேலைக்கு நான் வசந்த காலத்திலேயே விண்ணப்பித்திருந்தேன். மற்ற தாள்கள் எல்லாம் ஆகஸ்டில் சரியாகிவிட்டன. பயிற்சி வகுப்பில் ஓரிடம் திடீரென்று காலியாகியிருந்தது. புதன்கிழமை காலை ஏழு மணிக்குப் பக்கத்து மாநிலத்தில், டொலீடோவில் மூன்று வாரப் பயிற்சி தொடங்கும். செவ்வாய் மாலைக்குள், பள்ளியை முடித்த தேதி போட்ட சான்று வர வேண்டும். வராவிட்டால் அடுத்த வகுப்பு மார்ச்சில்.

நான் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தூங்காத குறையாக ஆறு அத்தியாயத்தையும் முடித்தேன். திங்கட்கிழமை காலை ஹாலோரனிடம் ஆறு தேர்வுகளை அடுத்தடுத்து எழுதினேன். அவர் சந்தோஷமாகத் திருத்திக்கொண்டே இருந்தார். ஒரு மணிக்குக் கடைசித் தேர்வைத் திருத்தி எண்பத்திரண்டு என்று எழுதிய பிறகுதான் பேனாவை நிறுத்தினார்.

"டெலியா. இதுதான் கடைசியா?"

"ஆமா சார்."

"வியாழக்கிழமை மணி அடிக்கலாம்ல?"

கடிதத்தைக் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்தார். எண்பத்திரண்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னை அழைத்துக்கொண்டு லோர்னாவின் அறைக்குப் போனார். அச்சு இயந்திரத்தில் தாள் சிக்கியதை எடுக்க வந்த ட்ரெண்டும் அங்கே இருந்தான். வெளியே போ என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை.

"லோர்னா, டீர் லேக் முடிச்சிட்டா."

லோர்னா முதலில் என்னைப் பார்த்தார், பிறகு மஞ்சள் தாளை. "எப்போ?"

"இப்பதான். அதான் பேசணும்னு வந்தேன்." ஹாலோரன் கதவைச் சாத்தினார். "இப்படிப் பண்ணலாம். கம்பெனிக்கு இன்னைக்கு முடிச்சான்னு லெட்டர் குடுத்திடலாம். நிஜம்தானே, முடிச்சிட்டா. ஆனா கம்ப்யூட்டர்ல இப்ப எதுவும் போட வேண்டாம். புதன்கிழமை உடம்பு சரியில்லைன்னு அவங்க அம்மா ஃபோன் பண்ணட்டும். காரணத்தோட வராதவங்களுக்கு முப்பது நாள் டைம் இருக்கு. மூணு வாரத்துல பயிற்சி முடிஞ்சு வருவா. ஒரு நாள் இங்க வந்து உக்காரட்டும், கணக்குல சேர்ந்திடுவா. அப்புறம் மணி."

"அதான் சரி" என்றான் ட்ரெண்ட், இயந்திரத்துக்குள் கையை விட்டபடி. "நான்கூட வேணா இருமுறேன் ஃபோன்ல."

"நீ தாள எடு, கிரேவல் பிட்" என்றார் லோர்னா. ஹாலோரனைப் பார்த்து, "கம்பெனிக்கு ஒரு தேதி. எனக்கு ஒரு தேதி" என்றார்.

"ரெண்டு நாள் வித்தியாசம் லோர்னா. யாருக்கு நஷ்டம்?"

"புதன்கிழமை இவ எங்க இருப்பா?"

"டொலீடோல."

"என் லிஸ்ட்டு எங்க இருக்கான்னு சொல்லும்?"

ஹாலோரன் மஞ்சள் தாளைப் பார்த்தார்.

"வீட்ல காய்ச்சலா படுத்திருக்கான்னு சொல்லும். கம்பெனி லிஸ்ட்டு அங்க இருக்கான்னு சொல்லும். ரெண்டுமே அழகா இருக்கும். ரெண்டையும் நான் ஃபைல்ல வைப்பேன்." அவர் குரல் உயரவில்லை. "ரெண்டு லிஸ்ட்டு வச்சா புள்ள எங்கன்னு யாருக்கும் தெரியாது, பீட்டர். நான் ஒரு தடவ வச்சிருக்கேன்."

ஹாலோரன் ஜன்னல் பக்கம் போய் நின்றார். அவருக்கு ஐம்பத்தொரு வயது. அவர் அந்தப் பள்ளியை ஆரம்பித்த மூன்று பேரில் ஒருவர், மற்ற இருவர் போய்விட்டார்கள்.

"நான் மார்ச்சில போயிக்கறேன்" என்றேன். சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னேன். அதை யாராவது ஒத்துக்கொண்டுவிடுவார்களோ என்று பயமாகவும் இருந்தது.

"அத நீ நேத்து சொல்லியிருக்கலாம்" என்றார் லோர்னா. "நேத்து ரெண்டு அத்தியாயம் கம்மியாப் படிச்சிருந்தா உன் பாடு. இன்னைக்கு முடிச்சிட்ட. திங்கக்கிழமை, ஒண்ணு அஞ்சு."

"நீங்க தேதி போடலைன்னா முடிச்ச மாதிரி ஆகாதுல்ல?"

"நான் போடலைன்னா நான் போடலைன்னு ஆகும். நீ முடிச்சது முடிச்சதுதான்."

விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். என் பெயரைத் தட்டினார். ஒரு கட்டம் திறந்தது, அதில் தேதியைப் போட்டார். நிச்சயமா என்று கணினி கேட்டது. அது எல்லாவற்றுக்கும் அப்படிக் கேட்கும். அவர் ஆம் என்று அழுத்தினார். பிறகு மஞ்சள் தாளைக் கிழித்து, புதிய தாளில் 64 என்று எழுதி ஒட்டினார். எனக்குத் தர வேண்டிய சான்றை அச்சு இயந்திரத்துக்கு அனுப்பினார். தாள் மறுபடியும் சிக்கியது. இந்த முறை அவர் சொன்ன வார்த்தையை டச்சுத் தேவாலயத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

"போய் மணிய அடி."

அடித்தேன். வகுப்புகள் வெளியே வந்து கைதட்டின. எண்ணைப் பற்றி அப்போது நாலு பேருக்குத்தான் தெரியும். ஹாலோரனும் கைதட்டினார். லோர்னா கதவோரம் நின்று கைதட்டிவிட்டு உள்ளே போய் ஃபோனை எடுத்தார்.

மறுநாள் நடந்ததை ட்ரெண்ட் எனக்கு எழுதினான். செவ்வாய் காலை அவனைத் தன் பழைய ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு, படிப்பை விட்டுவிட்டுப் போனவர்களின் வீடுகளுக்கு லோர்னா போயிருக்கிறார். செவ்வாய் மாலைக்குள் ஒருவர் திரும்பிச் சேர்ந்தால்கூட அறுபத்தைந்து. நாலு வீட்டுக்குப் போனார்கள். முதல் வீடு காலி, ஜன்னலில் பலகை அடித்திருந்தது. இரண்டாவது வீட்டுப் பையனுக்கு வயது தாண்டிவிட்டது. மூன்றாவது வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறான், எழுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

நாலாவது ஷைலா. மன்சன் சாலையில் குடியிருந்தாள், அங்கேயே முட்டைப் பண்ணையில் வேலை செய்தாள். வெளியே வந்து, ட்ரக் கதவில் சாய்ந்துகொண்டு பேசியிருக்கிறாள்.

"என்ன மிஸ் லோர்னா, முட்டை வேணுமா?"

"நீ வேணும், மன்சன்."

"எதுக்கு?"

"நாளைக்கு எண்ணும் நாள். ஒரு ஆள் குறையுது."

ஷைலா சிரித்திருக்கிறாள். "பொய் சொல்லியாவது கூப்பிடலாம்ல நீங்க? 'உன் எதிர்காலம்', அது இதுன்னு."

"உன் எதிர்காலமும் இருக்கு. உனக்கு ஏழு பாடம்தான் பாக்கி. ஆனா இன்னைக்கு நான் வந்தது அதுக்கில்ல."

"போன செப்டம்பர்ல வந்திருந்தீங்கன்னா வந்திருப்பேன்" என்றாள் ஷைலா. "இப்ப ஷிஃப்ட்டு லீடர் ஆக்கிட்டாங்க."

லோர்னா தலையசைத்தார். சேர்க்கைத் தாளை அவளிடமே கொடுத்து, தேதி போடாமல் வைத்துக்கொள் என்றார். திரும்பி வரும் வழியில் ட்ரெண்ட், "சும்மா பேரு மட்டும் எழுதிட்டு வந்திருக்கலாமே" என்று சொன்னதற்கு, அவனுக்கு ஒரு பெப்பர்மின்ட் கொடுத்தார். வாயை மூட வைக்க அவர் கையாளும் வழி அது.

அதே செவ்வாய் மாலை நான் பேருந்தில் டொலீடோ போனேன்.

புதன்கிழமை ஹாலோரன் பான்கேக் சுட்டார். அறுபத்திரண்டு பேர் வந்தார்கள். ஒருத்திக்குக் குழந்தையின் காதுவலி, காரணத்தோடு வராதவள். மறுவாரம் வந்தாள். இன்னொருவன் காரணமே சொல்லவில்லை, அப்படிப்பட்டவர்கள் பத்து நாளுக்குள் வந்தால்தான் கணக்கில் சேர்வார்கள். வில்வேட்டைப் பருவம் தொடங்கிய வாரம் அது. அவனுடைய ட்ரக் எந்தக் காட்டோரம் நிற்கும் என்று லோர்னாவுக்குத் தெரியும். பள்ளி முடிந்ததும் போய், வண்டிக் கண்ணாடியில் பத்து நாள் என்று எழுதிய தாளைச் செருகிவிட்டு வந்தார். நாலாவது நாள் மான் இறைச்சிப் பொட்டலத்தோடு வந்து வகுப்பில் உட்கார்ந்தான். எண்ணியது அறுபத்து நான்கு. தணிக்கைக்கு வந்த மாவட்ட ஆட்கள் ஒவ்வொரு பெயரையும் சரிபார்த்தார்கள். ஒன்றையும் தள்ளவில்லை, ஒன்றையும் சேர்க்கவில்லை.

ஜனவரியில் குழு ஐந்துக்கு இரண்டு என்று வாக்களித்தது. தீர்மானத்தில் அறுபத்தைந்து என்று இருக்கிறது, நாங்கள் என்ன செய்ய முடியும் என்றார்களாம். அந்தக் கூட்டத்தில் ஹாலோரன் இருபது நிமிடம் பேசினார். லோர்னாவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டதற்கு, எண் சரியானது என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார். ஊரில் அவர் கணக்கில் தவறினார் என்ற பேச்சு கிளம்பியது அதற்குப் பிறகுதான். கணக்கைச் சரியாக வைத்திருப்பவர் பள்ளியைக் காப்பாற்ற ஏதாவது செய்திருப்பார் என்று மக்கள் எதிர்பார்க்கிறார்கள் போலிருக்கிறது.

ட்ரெண்ட் பிப்ரவரியில் முடித்தான். ஜூனில் பள்ளியைக் காலி செய்தார்கள். ஹாலோரன் வேறு மாவட்டத்துக்குப் போனார். லோர்னா பெரிய பள்ளியின் பின்பக்க நடைபாதைக்குப் போனார், தன் மேசையோடு. மணியையும் எடுத்துக்கொண்டு போனார். மற்ற வகுப்புகளுக்கு இடைஞ்சல் என்று உள்ளே மாட்ட விடவில்லை. குப்பைத் தொட்டிகள் இருக்கும் பின்வாசலுக்கு வெளியே மாட்டியிருக்கிறார்.

இந்த வருடம் செப்டம்பர் கடைசியில் எங்கள் கப்பல் மார்க்வெட் துறைமுகத்தில் தாது ஏற்றிக்கொண்டிருந்தது. நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். ஃபோன் அடித்தது.

"டீர் லேக்கா?"

"மிஸ் லோர்னா!"

"முடிச்சு ஒரு வருஷம் ஆன புள்ளைங்கள பத்தி மாநிலத்துக்கு எழுதணும். படிக்கிறியா, வேலை செய்றியா, ரெண்டும் இல்லையா?"

"வேலை."

"முழு நேரமா?"

"வாரத்துக்கு எழுபது மணி நேரம்."

"முழு நேரம்னு ஒரே கட்டம்தான் இருக்கு. முகவரி?"

"கப்பல்தான்."

விசைப்பலகைச் சத்தம் நின்றது. "கப்பலுக்கு அஞ்சல் எண் கேக்குது. உங்கம்மா வீட்டப் போடவா?"

"அங்க நான் இல்லையே."

"அதான் கேக்குறேன்."

கப்பல் கம்பெனியின் தபால் முகவரியைச் சொன்னேன். எழுதிக்கொண்டார். பின்னால் அந்த நடைபாதையின் சத்தம் கேட்டது. லாக்கர்கள் மூடும் சத்தம், யாரோ யாரையோ திட்டும் சத்தம். இந்த வருடம் எத்தனை பேர் என்று கேட்டேன்.

"நாப்பத்தொண்ணு. வர புதன்கிழமை எண்ணுறாங்க. பான்கேக் சுட ஆளில்ல. நானே மாவு வாங்கி வச்சிருக்கேன், எனக்குச் சுட வராது."

ஒரு வருடமாக மனத்தில் வைத்திருந்ததை அப்போது கேட்டேன். "மிஸ் லோர்னா, அன்னைக்கு ரெண்டு நாள் மட்டும் தள்ளிப் போட்டிருந்தா…"

"நீ திங்கக்கிழமை முடிச்ச" என்றார்.

அதில் கோபமோ வருத்தமோ எனக்குக் கேட்கவில்லை. என்னைச் சமாதானப்படுத்தும் எண்ணமும் இல்லை. தலைமைச் சமையல்காரரான பெரியவர் சூப்புக்கு உருளைக்கிழங்கு எங்கே என்று கத்தினார்.

"இன்னும் பதினேழு பேரக் கூப்பிடணும், வைக்கிறேன்" என்றவர், வைக்காமல் கேட்டார். "வர புதன்கிழமை நீ எங்க இருப்ப?"

"டுலூத். காத்து அடிச்சா வியாழக்கிழமைதான் போய்ச் சேருவோம்."

"எது?"

பெரியவரிடம் கேட்டேன். ஏரி நிலவரம் நன்றாக இருக்கிறது, புதன்கிழமை போய்ச் சேர்ந்துவிடுவோம் என்றார்.

"டுலூத்" என்றேன்.

மாநிலத்தின் தாளில் அதற்கு இடம் இருந்திருக்காது. ஆனால் பேனா ஓடும் சத்தம் கேட்டது. எழுதி முடித்த பிறகுதான் ஃபோனை வைத்தார்.